நினைவு ஏதும் பதிவாகாத இடம்

நடந்து பார்க்கும் சுற்றுலாவை நடந்துதான் பார்க்கவேண்டும் என்னும் முடிவுக்கு வருவதற்கு, ஆணையத்துக்குப் பதினான்கு மாதங்களும் ஒரு ஜப்பான் பயணமும் தேவைப்பட்டன.

ஆணையத்தின் முழுப்பெயர், மேற்கு மண்டல மூடிய தொழில்நகர நினைவுப் பேணுகை ஆணையம். அதன் பன்னிருவர் குழு, ஜப்பானின் வடகோடியில் ஒரு பழைய நிலக்கரிச் சுரங்க ஊரைப் பார்த்துவரப் போயிற்று. சுரங்கம் மூடப்பட்டு ஐம்பது ஆண்டுகள் ஆகிவிட்ட அந்த ஊரில், முன்னாள் சுரங்கத் தொழிலாளி ஒருவர், குடையை ஊன்றிக்கொண்டு, வருகிறவர்களை முக்கால் மணிநேரம் நடத்திக் காட்டுகிறார். தொழிலாளர் குடியிருப்பு, பொதுக் குளியலறை, கழிவுக் கல்லைக் கொட்டிக் கொட்டி உயர்ந்த ஒரு குன்று. அவ்வளவுதான். குன்றின் அடியில் மட்டும் அவர் ஒன்றும் பேசாமல் சற்று நேரம் நின்றார். குழு அதை அளந்தது. ஒரு நிமிடம் நாற்பது வினாடி. 'காரணம் தெரிவிக்கப்படவில்லை, மொழிபெயர்ப்பாளரும் கேட்கவில்லை' என்கிறது அறிக்கையின் முந்நூற்று எண்பத்தெட்டாம் பக்கத்து அடிக்குறிப்பு.

அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள் கொண்ட அந்த அறிக்கை, புனேயில் கடக்வாஸ்லா சாலையை ஒட்டி மூடிக்கிடந்த அரசுப் பீங்கான் ஆலைக்கும் அதன் காலனிக்கும் அப்படியே பொருத்தப்பட்டது. ஆலையில் மின்கம்பத்துப் பீங்கான் குமிழ்கள் செய்துவந்தார்கள். அங்கே நிலக்கரியும் இல்லை, சுரங்கமும் இல்லை என்பதைக் குழு மறைக்கவில்லை. 'குறைகள்' என்னும் தலைப்பின்கீழ், முதல் இரண்டு இனங்களாக, நேர்மையாகவே பதிவுசெய்தது. காலனியில் பல மொழிக்காரர்கள் குடியிருந்ததால் மொழிக்கொரு ஞாயிறு ஒதுக்கப்பட்டது. நான்காம் ஞாயிறு தமிழ்.

அப்படியொரு நான்காம் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, நகரின் மறுகோடியில் இருக்கும் லோஹேகாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து வாயிலில் நின்ற இருவருக்கு இந்த அறிக்கையைப்பற்றி எதுவும் தெரியாது. ராமநாதன் அந்த ஆலையின் சூளைப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலைபார்த்தவர், வயது எழுபது. மங்கையர்க்கரசி அவருடைய மனைவி. அவரைவிட ஐந்து வயது இளையவள். இருவருக்கும் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அவர்கள் சுற்றிப் பார்க்க வரவில்லை. ஒரே ஓர் இடத்தில் போய் நிற்க வந்திருந்தார்கள்.

காலனியின் பம்ப் ஹவுஸுக்குப் பின்னால், மதிலிலிருந்து ஏழு தப்படியில் இருந்தது அந்த இடம். 1985ஆம் ஆண்டு ஆவணியில் அவர்களுக்கு ஒரு பெண்குழந்தை பிறந்து, பதினோராம் நாள் இறந்துபோயிற்று. பச்சைக் குழந்தையை எரிக்கும் வழக்கம் இல்லை. ராமநாதனும் பக்கத்து வீட்டுத் துரைசாமியும் அங்கே குழி தோண்டினார்கள். அடையாளத்துக்கு, சூளையில் கீறல்விட்டு ஒதுக்கப்பட்ட பீங்கான் குமிழ் ஒன்றைக் கவிழ்த்து வைத்தார்கள். அதற்குப் பிறகு அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. காலனியில் இருந்த காலமெல்லாம் வெள்ளிக்கிழமைதோறும் மங்கையர்க்கரசி ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுபோய் அங்கே ஊற்றிவருவாள். ராமநாதன் உடன் போனதில்லை. அதைப்பற்றிப் பேசியதும் இல்லை.

2004இல் ஆலையை மூடி, காலனியைக் காலி செய்வித்து, வாயிலைச் சங்கிலியால் பூட்டினார்கள். உள்ளே ஒருமுறை போய்வர அனுமதி கேட்டு மங்கையர்க்கரசி ஆறு மனுக்கள் எழுதினாள். ஆறாவது மனுவுக்கு வந்த பதில், 'தங்கள் கோரிக்கை உரிய துறைக்கு அனுப்பப்பட்டது' என்றது. உரிய துறை கலைக்கப்பட்டுவிட்டதாக ஐந்தாவது மனுவுக்கு வந்த பதில் தெரிவித்திருந்தது. இருபத்தோர் ஆண்டுகளுக்குப் பிறகு இப்போதுதான் வாயில் திறந்திருந்தது.

வாயிலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த காவலர் அவளுடைய பையைத் திறந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து வைத்துக்கொண்டார். பாரம்பரிய வளாகத்துக்குள் திரவங்கள் அனுமதிக்கப்படுவதில்லை என்று அவருக்குப் பின்னால் ஒரு பலகை மும்மொழியில் சொல்லிற்று.

"குடிக்கறதுக்கில்ல," என்றாள் அவள் இந்தியில்.

"குடிக்கறதுக்குன்னா விட்டிருப்பேன், மாவ்ஷி. வேற எதுக்குன்னாலும் பர்மிஷன் வேணும்," என்றார் காவலர்.

உள்ளே வந்தவர்களை மூன்று வகையாகப் பிரித்தார்கள். சுற்றுலாப் பயணிகளுக்குப் பச்சை அட்டை. ஆய்வாளர்களுக்கு நீலம். காலனியில் முன்பு குடியிருந்தவர்கள் என்று உண்மையைச் சொல்லிவிட்டதால் ராமநாதனுக்கும் மங்கையர்க்கரசிக்கும் மட்டும் ஆரஞ்சு அட்டை கிடைத்தது. அதில் 'வாழும் பாரம்பரியம்' என்று அச்சிட்டிருந்தது. பின்புறத்தில் விதிகள் இருந்தன. வாழும் பாரம்பரியத்தைத் தொடக்கூடாது. அதற்குத் தின்பண்டம் தரக்கூடாது. அது தானாக ஏதேனும் சொன்னால், வழிகாட்டி உறுதிசெய்யும்வரை அதை உண்மை எனக் கொள்ளக்கூடாது.

வழிகாட்டி, கிருஷ்ணப்ரியா என்னும் இருபத்து நான்கு வயதுப் பெண். புனேயின் ஹிஞ்சேவாடியில் பிறந்து வளர்ந்தவள். தமிழைத் தட்டித் தடவிப் பேசினாள். எல்லாருக்கும் விளக்கு பொருத்திய தலைக்கவசம் கொடுத்து, விளக்கை எரியவிடச் சொன்னாள். வெளியே நல்ல வெயில்.

"இது எதுக்கும்மா?" என்றார் ராமநாதன்.

"மைன்ல இருட்டா இருக்கும்ல, அங்கிள்."

"மைன் எங்கம்மா இருக்கு?"

"அது ஃபேஸ் டூல வருது. இப்ப தோண்டறதுக்கு டெண்டர் விட்டிருக்காங்க."

அடுத்து, ஒரு கிண்ணத்தில் கரிப்பொடியைக் குழைத்து வைத்துக்கொண்டு ஒருவர் வரிசையாக எல்லாருடைய கன்னத்திலும் ஒரு பொட்டு வைத்தார். சுரங்கத் தொழிலாளியின் கரிபடிந்த முகத்தைப் பார்வையாளர் தாமும் உணரவேண்டும் என்பது அறிக்கையின் பரிந்துரை. முகம் முழுவதும் பூசினால் புகார் வரும் என்பதால் சட்டப் பிரிவு அதை ஒரு பொட்டாகச் சுருக்கியிருந்தது. கிண்ணக்காரர் விரலை நீட்டியபோது மங்கையர்க்கரசி முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். கன்னத்தில் கரிப்பொட்டு யாருக்கு வைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். பதினொரு நாள் வைத்திருக்கிறாள்.

"ஆன்ட்டி, இது கம்பல்சரி," என்றாள் கிருஷ்ணப்ரியா. "வேணும்னா சின்னதா வைக்கச் சொல்றேன்."

சின்னதாகவே வைத்தார்கள்.

பதினேழு பேர் கொண்ட குழு, இருபுறமும் கயிறு கட்டிய பாதையில் நடக்கத் தொடங்கிற்று. முன்னால் ஒரு பணியாளர் பறவைக் கூண்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனார். நச்சுக்காற்று இருந்தால் சுரங்கத்தில் முதலில் பறவைதான் மயங்கி விழும் என்று கிருஷ்ணப்ரியா விளக்கினாள். கூண்டில் பறவை இல்லை. அயல்நாட்டுப் பறவைக்கு நிதிப்பிரிவு ஒப்பவில்லை. உள்நாட்டுக் கிளிக்கு வனத்துறை ஒப்பவில்லை. எனவே பறவை இருப்பதாகக் கொண்டு கூண்டை மட்டும் எடுத்துச் செல்லவேண்டும் என்று சுற்றறிக்கை வந்திருந்தது. அரைமணிக்கு ஒருமுறை பணியாளர் கூண்டை எட்டிப் பார்த்து, ஒரு பதிவேட்டில், 'நலம்' என்று எழுதினார்.

முதல் நிறுத்தம், பொதுக் குளியலறை. பழைய ரேஷன் கடையை இடித்துவிட்டு அங்கே நீலநிறத் தொட்டி ஒன்றைக் கட்டியிருந்தார்கள். ஆலைத் தொழிலாளர்கள் வேலை முடிந்ததும் இத்தொட்டியில் ஒன்றாக இறங்கி நீராடி, வேறுபாடுகளை மறந்தனர் என்றது கல்வெட்டு.

ராமநாதன் அதை இரண்டு முறை படித்தார். "நாங்க எங்க இதுல குளிச்சோம்? ரெண்டு நாளைக்கு ஒருக்கத்தான் குழாயில தண்ணி வரும். டிரம்முல பிடிச்சு வச்சுல்லா குளிச்சோம்."

"அங்கிள், ப்ளீஸ்," என்று தணிந்த குரலில் சொன்னாள் கிருஷ்ணப்ரியா. "ரிசர்ச் பண்ணித்தான் போட்டிருக்காங்க. உங்களுக்கு ஏஜ் ஆயிடுச்சுல்ல, மறந்திருப்பீங்க."

கோயம்புத்தூரிலிருந்து வந்து ஹிஞ்சேவாடியில் வேலைபார்க்கும் முகுந்த் என்னும் இளைஞன், கைபேசியுடன் அவரிடம் நெருங்கினான். "சார், தொட்டிகிட்ட நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கலாங்களா? அந்த ஆரஞ்சு கார்டு தெரியற மாதிரி. கொஞ்சம் சோகமாப் பாருங்க."

"எதுக்குத் தம்பி சோகம்? குளிக்கத்தானே வந்திருக்கேன்," என்றார் ராமநாதன்.

முகுந்த் சிரித்துவிட்டு அப்படியே எடுத்துக்கொண்டான்.

மங்கையர்க்கரசி கயிற்றுக்கு அப்பால் பார்த்துக்கொண்டே வந்தாள். சி-வரிசையில் அவர்கள் குடியிருந்த வீட்டைக் காணவில்லை. எண்பத்து நான்கு குடியிருப்புகளில் எண்பத்து மூன்றை இடித்துவிட்டு ஒன்றை மட்டும் மாதிரிக்காக வைத்திருந்தார்கள். அது துரைசாமியின் வீடு.

உள்ளே சிமெண்டில் செய்த ஒரு குடும்பம் இருந்தது. அப்பா செய்தித்தாள் படித்தார். அம்மா தோசை ஊற்றினாள். ஒரு பையன் கிரிக்கெட் மட்டையோடு நின்றான். ஒரு பெண் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். குடும்பத்துக்கு இரண்டு குழந்தைகள் என்பது ஆணையம் வகுத்த அளவு. துரைசாமி கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்பதை யாரும் கேட்கவில்லை. அவரும் இப்போது இல்லை.

"குழந்தைங்க இல்லாத வீட்டை விசிட்டர்ஸ் பாக்க மாட்டாங்கன்னு ஜப்பான்ல சொன்னாங்களாம்," என்றாள் கிருஷ்ணப்ரியா.

மங்கையர்க்கரசி அந்தச் சிமெண்டுப் பெண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வீட்டுக்கு நான்கு நிமிடம் என்பது கணக்கு. ஐந்தாவது நிமிடம் கிருஷ்ணப்ரியா அவளுடைய முழங்கையைத் தொட்டாள். வாழும் பாரம்பரியத்தைத் தொடக்கூடாது என்பது நினைவுக்கு வந்ததும் கையை எடுத்துக்கொண்டாள்.

"ஏம்மா, பம்ப் ஹவுஸுக்கு எப்பப் போவோம்?" என்று கேட்டாள் மங்கையர்க்கரசி.

"பம்ப் ஹவுஸா? ரூட்ல அப்படி எதுவும் இல்லையே." கையிலிருந்த தாளைப் புரட்டினாள். "ஓ, ஃபார்மர் பம்ப் ஹவுஸ். அங்கதான் ஆன்ட்டி கடைசி ஸ்டாப். அதுதான் மெயின் அட்ராக்‌ஷன்."

மங்கையர்க்கரசி திரும்பிக் கணவரைப் பார்த்தாள். "கேட்டீகளா? அங்கதான் கடைசியாம்."

ராமநாதன் தலைக்கவசத்தின் வாரைச் சரிசெய்துகொண்டார்.

பாதை வளைந்து ஆலமரத்தைத் தாண்டியபோது எதிரே ஒரு குன்று நின்றது. மங்கையர்க்கரசிக்குத் தான் வேறெங்கோ வந்துவிட்டதாகத் தோன்றிற்று. அந்தப் பக்கத்தில் குன்று இருந்ததில்லை. மூன்று மாடி உயரத்துக்குச் செங்கல், காரை, ஓடு, உடைந்த சன்னல் சட்டம், குளியலறைத் தரைக்கல், இடையிடையே வெள்ளைப் பீங்கான் சில்லு. மேலே ஏறிப் படமெடுத்துக்கொள்ள இரும்புப் படிகள். உச்சியில் ஒரு கொடி. மதில் எங்கே என்று தேடினாள். குன்று அதை முழுவதும் மறைத்திருந்தது. மதிலுக்கும் ஆலமரத்துக்கும் இடையில் இருந்த பம்ப் ஹவுஸும் அதன் பின்னாலிருந்த தரையும் குன்றின் அடியில் இருந்தன.

குன்றின் முன் போட்டிருந்த மேடையில் ஆணையத்தின் இணை இயக்குநர் அனந்தராமன் நின்றிருந்தார். தமிழ் ஞாயிறுகளில் அவரே வந்து பேசுவது வழக்கம்.

"அன்புடையீர்," என்று தொடங்கினார். "ஜப்பானில் அந்த ஊருக்குப் பெருமை சேர்ப்பது அதன் கழிவுக் கல் குன்று. அறுபது ஆண்டுகள் தொழிலாளர்கள் மண்ணுக்கடியிலிருந்து கொண்டுவந்து கொட்டியது. நம்மிடம் அப்படி ஒன்று இல்லையே என்று நான் வருந்தினேன். பிறகுதான் உணர்ந்தேன், அவர்களுக்கு அறுபது ஆண்டுகள் பிடித்ததை நாம் பதினேழு நாட்களில் முடித்துவிடலாம். எண்பத்து மூன்று வீடுகளை இடித்ததில் கிடைத்த பொருள் முழுவதும் இங்கே இருக்கிறது. ஒரு செங்கல்கூட வெளியே போகவில்லை. சில பேர் கேட்டார்கள், வீடுகளைப் பாதுகாக்க வந்த ஆணையம் வீடுகளை இடிக்கலாமா என்று. நான் அவர்களுக்குச் சொன்னேன், வீட்டை வீடாக வைத்திருந்தால் ஒழுகும். கரையான் அரிக்கும். ஆண்டுதோறும் பராமரிக்கவேண்டும். குன்றாக வைத்திருந்தால் எந்தச் சேதமும் வராது."

கைதட்டினார்கள்.

"இடத்தைத் தேர்ந்தெடுத்ததிலும் நாங்கள் மனம்போனபடி நடக்கவில்லை. யாருடைய உணர்வையும் புண்படுத்தக்கூடாது என்பது எங்கள் முதற்கொள்கை. முன்பு இங்கே குடியிருந்த நானூற்றுப் பன்னிரண்டு பேரைத் தொலைபேசியில் அழைத்து, வளாகத்தின் ஒவ்வோர் இடத்தையும் சொல்லி, அங்கே உங்களுக்கு நினைவு ஏதும் உண்டா என்று கேட்டோம். பள்ளிக்கூடத்துக்கு முந்நூற்று நாற்பது நினைவுகள். கேண்டீனுக்கு இருநூற்றுப் பத்து. ஒரு நினைவுகூடப் பதிவாகாத இடம் ஒன்றே ஒன்றுதான். பம்ப் ஹவுஸின் பின்பக்கம். ஆகவே அதில் கொட்டினோம்."

பின்னர் அவர், ஜப்பானிய மரபின்படி இங்கே ஒரு நிமிடம் நாற்பது வினாடி மௌனம் காக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். எதற்கு என்று முகுந்த் கேட்டான். மரபுக்கு என்றார் அனந்தராமன். ஒரு பணியாளர் விசில் ஊதினார்.

பதினேழு பேரும் தலைக்கவச விளக்குகள் எரிய, குன்றைப் பார்த்து நின்றார்கள். கூண்டுக்காரர் கூண்டைக் கீழே வைத்தார்.

மங்கையர்க்கரசி கணக்குப் போட முயன்றாள். மதிலிலிருந்து ஏழு தப்படி. மதிலே தெரியாதபோது ஏழு தப்படியை எங்கிருந்து எண்ணுவது? அந்த இடம் குன்றின் நடுவிலா, ஓரத்திலா, படிகளின் கீழா? ஊற்றத் தண்ணீரும் கையில் இல்லை. திடீரென்று ஒன்று உறைத்தது.

"உங்ககிட்டயும் போன்ல கேட்டாகளா?" என்றாள்.

ராமநாதன் குன்றைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கேக்கேன்லா. கேட்டாகளா?"

பணியாளர் அவளைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தார்.

"கேட்டாங்க," என்றார் ராமநாதன்.

"பம்ப் ஹவுஸப் பத்தி?"

"எல்லாத்தையும் பத்தியும் கேட்டாங்க. அதையும் கேட்டாங்க."

"என்ன சொன்னீக?"

"ஒண்ணுமில்லன்னேன்."

பணியாளர் விசில் ஊதினார். மௌனம் குலைந்துவிட்டதால் மறுபடி முதலிலிருந்து என்று அறிவித்தார். குழுவில் யாரோ சலித்துக்கொண்டார்கள்.

"ஏன் அப்படிச் சொன்னீக?" மங்கையர்க்கரசியின் குரல் உயரவில்லை. அதனாலேயே பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"முன்ன பின்ன தெரியாத பிள்ளை, மங்கை. நான் ரேஷன் கியூல நிக்கேன். அது போன்ல லிஸ்ட்ட வச்சுக்கிட்டு வாசிக்கு. ஸ்கூல்ல ஞாபகம் இருக்கா, பார்க்குல இருக்கா, பம்ப் ஹவுஸ் பின்னால இருக்கான்னு. அந்தப் பிள்ளைகிட்ட என்னத்தச் சொல்லச் சொல்லுத? இல்லன்னு சொன்னா விட்டுருவாங்கன்னு நினைச்சேன். இங்கன கொண்டுவந்து கொட்டுவாங்கன்னு எனக்குத் தெரியுமா?"

மூன்றாவது முறை விசில் ஊதினார்கள். அதற்குப் பிறகு மௌனத்தைக் கைவிட்டுவிட்டு, படமெடுத்துக்கொள்பவர்கள் குன்றில் ஏறலாம் என்று அறிவிப்பு வந்தது. முகுந்தும் மற்றவர்களும் இரும்புப் படிகளில் ஏறினார்கள். ஒவ்வொருவர் காலுக்கும் சிறிது காரை உதிர்ந்து கீழே உருண்டது.

மங்கையர்க்கரசி மேடைக்கு நேராகப் போனாள். அனந்தராமனிடம் விஷயத்தைச் சொன்னாள்; அழாமல், சுருக்கமாக, ஆறு மனுக்கள் எழுதிய பழக்கத்தில் தேதி வாரியாகச் சொன்னாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார். நல்ல மனிதர்தாம். கேட்டு முடித்ததும் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அம்மா, நீங்க சொல்றது நியாயம். நியாயமா இருக்கறதுனாலதான் அதுக்குன்னு ஒரு நடைமுறையே வெச்சிருக்கோம். விட்டுப்போன நினைவுகளுக்கு மேல்முறையீடு உண்டு."

"குன்ன எடுத்துருவீகளா?"

"குன்று இப்போ பாதுகாக்கப்பட்ட பாரம்பரியச் சின்னம். அறிவிக்கை வந்தாச்சு. ஒரு செங்கல்லை நகர்த்தினாலும் தண்டனைக்குரிய குற்றம்."

"அது எங்க வீட்டுச் செங்கலுங்க."

"அதனாலதாம்மா பாதுகாக்கறோம்," என்றார் அனந்தராமன், மிகுந்த பரிவோடு. பிறகு கிருஷ்ணப்ரியாவை அழைத்து, அம்மாவுக்கு மேல்முறையீட்டைப் பதிந்து கொடுக்கச் சொல்லிவிட்டு, அடுத்த குழுவை வரவேற்கப் போனார்.

கிருஷ்ணப்ரியா பந்தல் நிழலில் மேசைமுன் உட்கார்ந்து கணினிப் பலகையைத் திறந்தாள். விழிகள் சிவந்திருந்தன, மேடையருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தாள். "ஐ ஆம் சாரி, ஆன்ட்டி. எனக்குத் தெரியாது," என்றாள். மங்கையர்க்கரசி அவளுடைய தோளில் கைவைத்து, "நீ என்னம்மா செய்வ, கேளு," என்றாள்.

"நினைவின் வகை. செலிப்ரேஷன், ஸ்போர்ட்ஸ், ஸ்ட்ரைக், ஃப்ளட், தலைவர் விசிட். இதுல எது ஆன்ட்டி?"

"இதுல ஒண்ணும் இல்ல."

"அப்ப மற்றவைன்னு போடறேன். நினைவு நிகழ்ந்த காலம்?"

"எண்பத்தஞ்சு ஆவணி."

"சம்பந்தப்பட்ட நபரின் பெயர்?"

மங்கையர்க்கரசி கையிலிருந்த பையை மேசையின்மேல் வைத்தாள்.

"ஆன்ட்டி, பேர்?"

"பேரு வைக்கலம்மா. பதினாறாம் நாளு வைக்கதா இருந்தோம்."

கிருஷ்ணப்ரியா அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு அடுத்ததற்குப் போகப் பார்த்தாள். பலகை சிவப்பாகி மறுத்தது. பாப்பா என்று தட்டினாள். அச்சொல் பெயராக ஏற்கப்படவில்லை என்றது. கோடு போட்டாள், கோட்டையும் ஏற்கவில்லை. பெயரில்லாத ஒருவரைப்பற்றி நினைவு இருக்க முடியாது என்பது ஆணையத்தின் கொள்கை என அடியில் ஒரு வரி வந்தது.

"ஏதாவது ஒரு பேர் சொல்லுங்க ஆன்ட்டி, ப்ளீஸ். இல்லன்னா சப்மிட்டே ஆகாது."

மங்கையர்க்கரசி வாயைத் திறந்தாள். நாற்பது ஆண்டுகளாக, வெள்ளிக்கிழமைகளிலும் மற்ற நாட்களிலும், மனத்துக்குள் அவள் 'பிள்ளை' என்று மட்டுமே சொல்லிவந்திருந்தாள். வேறு எதையும் சொல்லிப் பார்க்க அஞ்சியிருந்தாள். இப்போதும் ஒன்றும் வரவில்லை.

"காந்திமதி."

சொன்னவர் ராமநாதன். பந்தலுக்கு வெளியே வெயிலில், அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குன்றைப் பார்த்து நின்றிருந்தார்.

மங்கையர்க்கரசி மெல்லத் திரும்பினாள். "எப்ப வச்சீக?"

"பிறந்த அன்னைக்கே. பதினாறாம் நாளு காதுல சொல்லணும்னு வச்சிருந்தேன்."

"எங்கிட்டச் சொல்லலியே."

"அதுகிட்டச் சொல்லாம உங்கிட்ட எப்படிச் சொல்ல?"

கிருஷ்ணப்ரியா அந்தப் பெயரைத் தட்டினாள். பலகை உடனே ஏற்றுக்கொண்டது. மேசைக்கடியில் இருந்த சிறிய அச்சுப்பொறி கரகரவென்று ஒரு சீட்டைத் தள்ளிற்று. அவள் அதை எடுத்துப் பார்த்தாள்; மேசையின்மேல் கவிழ்த்து வைத்தாள்.

"சிஸ்டம் தப்பா எடுத்திருக்கு ஆன்ட்டி. நான் திரும்பப் போடறேன்."

"என்ன போட்டிருக்கு? வாசிம்மா."

"எனக்குத் தமிழ் வாசிக்க அவ்வளவா வராது."

மங்கையர்க்கரசி சீட்டைத் தானே எடுத்துப் படித்தாள். 'செல்வி காந்திமதி, தந்தை பெயர் ராமநாதன், தாய் பெயர் மங்கையர்க்கரசி. தங்கள் மேல்முறையீடு பெறப்பட்டது. தாங்கள் அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி முற்பகல் பதினொரு மணிக்கு உரிய அடையாளச் சான்றுடன் இவ்வாணையத்தின்முன் நேரில் வரவேண்டும். பெற்றோரோ பிரதிநிதிகளோ வருவது ஏற்கப்படமாட்டாது. வரத் தவறினால், தங்களுக்கு இவ்விடத்தைப்பற்றி நினைவு ஏதும் இல்லை எனக் கொள்ளப்படும்.'

படித்துவிட்டுக் கணவரிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். முதல் வரியைத் தாண்டி அவர் படித்ததாகத் தெரியவில்லை.

"கிழிச்சுப் போட்டுட்டு வேற போடலாம், அங்கிள்," என்றாள் கிருஷ்ணப்ரியா.

"கிழிக்காண்டாம்," என்றார் அவர். "இதுல இன்னொரு காப்பி கிடைக்குமாம்மா? ஆளுக்கு ஒண்ணு."

கிருஷ்ணப்ரியா பொத்தானை அழுத்திப் பார்த்தாள். மேல்முறையீட்டாளர் ஒருவருக்கு ஒரு படிதான் என்றது பலகை.

"பரவால்ல," என்றார்.

தலைக்கவசங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆரஞ்சு அட்டைகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். வாயிலுக்கு வெளியே வெகுநேரம் நிற்கவேண்டியிருக்கவில்லை. கடக்வாஸ்லாவிலிருந்து வந்த பஸ்ஸில் இருவருக்கும் உட்கார இடம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அங்குள்ள அணையைப் பார்த்துவிட்டுச் சோளக்கதிர் கடித்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தது. சன்னலில் காற்று வேகமாக அடித்ததால் மங்கையர்க்கரசி சீட்டின்மேல் முந்தானையைப் போட்டு, இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

ஸ்வார்கேட் வரை அது அவள் மடியில் இருந்தது. அங்கே பஸ் மாறியதும், "எங்கிட்டக் கொஞ்சம் தா," என்று வாங்கி, லோஹேகாவ் வரை அவர் வைத்திருந்தார்.